தோற்கும் அணிக்கும் ஒரு பேருந்து வேண்டும்

சங்க மலர்களில் வென்றவர்களைப் பற்றி எழுதுவதே வழக்கம். தேர்வில் முதலிடம் பெற்றவர், பேச்சுப் போட்டியில் கேடயம் கொண்டு வந்தவர், ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் பெற்றவர் ஆகியோரின் படங்கள் முதற் பக்கங்களை அணி செய்யும். அது முறைதான். பாராட்டத் தக்கவரைப் பாராட்டாத சங்கம் சங்கமாகாது. ஆயினும் இம்முறை நான் தோற்றவர்களைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். ஒரு முறை இரு முறை தோற்றவர்களும் அல்லர். ஐம்பது முறை தொடர்ந்து தோற்ற ஒரு கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதுவும் கடல் கடந்த நாட்டு அணி. “அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு?” என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. அதைக் காட்டுவது என் கடமை. பொறுமையுடன் படிப்பது உங்கள் பெருந்தன்மை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடினா என்றோர் ஊர். அங்கே கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இளநிலை வகுப்புகளில் சுமார் ஆயிரம் மாணவரே பயிலும் சிறிய நிலையம். ஆனால் நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் அதன் நடைபாதைகளில் சாதாரணமாக நடந்து போவார்கள். 1970-ல்தான் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பந்து நன்றாக ஆடுகிறவர் என்பதற்காக அங்கே எவருக்கும் இடம் கிடைக்காது; விளையாட்டுக்கென்று உதவித் தொகையும் கிடையாது. கணக்கும் பௌதிகமும் கற்க வந்த பெண்கள், மாலையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பந்தைக் கையில் எடுத்தார்கள். அவ்வளவுதான் அந்த அணியின் பிறப்பு வரலாறு.

அந்த அணி 2002-ல் ஒரு கான்பரன்ஸில் சேர்ந்தது. கான்பரன்ஸ் என்றதும் மாநாடு என்று எண்ணி, மேடையையும் மாலையையும் தேட வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சில ஒன்றுகூடி, “ஆண்டுதோறும் நாம் ஒருவரோடு ஒருவர் ஆடுவோம்” என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே அப்படிப் பெயர். கால்டெக் சேர்ந்திருந்த தென் கலிபோர்னியக் கான்பரன்ஸ் 1915-ல் தொடங்கியது. 2007-ல் அதில் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஒரு முறை தன் அரங்கில், ஒரு முறை எதிரியின் அரங்கில். ஆக ஓர் ஆண்டுக்கு ஏழு வெளியூர் ஆட்டங்கள். வெளியூர் என்றாலும் வெகு தொலைவு இல்லை. ஆக்சிடெண்டல் கல்லூரி கூப்பிடு தூரம். ரெட்லண்ட்ஸ் நூறு கிலோ மீட்டருக்குள். மாலையில் வண்டி ஏறினால் இரவே விடுதிக்குத் திரும்பி, மறுநாள் காலை வகுப்பில் உட்காரலாம்.

இவ்வாறு வண்டி ஏறிப் போய்த் தோற்றார்கள். திரும்பி வந்து சொந்த அரங்கில் தோற்றார்கள். அடுத்த ஆண்டும் தோற்றார்கள். தோல்விகளின் வரிசை ஐம்பதைத் தொட்டது. ஓர் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் என்று கணக்கிட்டால், ஐம்பது ஆட்டத்துக்கு 2,000 நிமிடம். அதாவது முப்பத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல், தோற்கிறோம் என்று தெரிந்தே ஓடியிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பொமோனா-பிட்சர் அணியை 55-க்கு 53 என்ற கணக்கில் வென்றார்கள். கான்பரன்ஸில் அவர்கள் கண்ட முதல் வெற்றி அது. அன்று மாலை மதிப்புறு பயிற்சியாளராக அவர்களுடைய பெஞ்சில் அமர்ந்திருந்தவர் ராபர்ட் கிரப்ஸ், 2005-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இரண்டே புள்ளி வேறுபாடு. அதாவது ஒரே ஒரு கூடை. அந்த ஒரு கூடையை ஐம்பது தோல்விகளின்மேல் ஏறி நின்று எட்டிப் பிடித்தார்கள்.

இந்தச் செய்தியை நான் படித்தபோது என்னைக் கவர்ந்தது அந்த வெற்றியன்று. தோற்றுக் கொண்டிருந்த ஆண்டுகளில் அவர்களை வண்டியேற்றி அனுப்பிக் கொண்டே இருந்தார்களே, அந்த ஏற்பாடுதான் என் கண்ணை உறுத்தியது. பதினைந்தாவது தோல்வியிலோ இருபதாவது தோல்வியிலோ, “போதும், அணியைக் கலைத்துவிடுவோம், வீண் செலவு” என்று யாரேனும் ஓர் அதிகாரி கையெழுத்திட்டிருந்தால், ஜனவரி 13 என்ற நாள் அவர்கள் வாழ்வில் வந்திருக்குமா? அந்த மாலையை அவர்களுக்கு ஈட்டித் தந்தது ஐம்பத்தோராவது வண்டிப் பயணத்துக்கும் பணம் ஒதுக்கிய ஒரு பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கால்டெக்கில் ஆடவர் அணி ஒன்றும் உண்டு. தோல்வியில் அது மகளிர் அணிக்கு அண்ணன். அதே 2007 ஜனவரியில், மகளிர் வெல்வதற்கு ஒரு வாரம் முன்பு, பார்டு கல்லூரியை வென்று 207 தோல்விகளின் தொடரை முடித்தது. கான்பரன்ஸில் மட்டும் 1985 முதல் 310 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று, 2011 பிப்ரவரி 22-ல் ஆக்சிடெண்டலை 46-45 என்று வென்றது. அந்த ஆடவர் அணியின் கதையைத் திரைப்படமாகவே எடுத்தார்கள். மகளிர் அணிக்குக் கிடைத்தது வரலாற்றுக் குறிப்பில் இரண்டு மூன்று வரி. தோல்வியில்கூட ஆணின் தோல்விக்குக் காவியம், பெண்ணின் தோல்விக்கு அடிக்குறிப்பு! உலகம் எங்கும் ஒரே உலகமாய்த்தான் இருக்கிறது.

தோற்றவரைப் போற்றுவது அயல்நாட்டுப் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். புறநானூற்றின் 66-ஆம் பாட்டை அறிந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். வென்ற வேந்தன் முன்னால் நின்று, தோற்றவன் உன்னிலும் நல்லவன் என்ற பொருள்படப் பாடத் துணிந்தவர் யார்? வெண்ணிக் குயத்தியார் என்னும் ஒரு பெண். மன்னனிடம் பரிசு பெற வேண்டிய புலவர் பேசும் பேச்சா இது? ஆயினும் பேசினார், மன்னனும் கேட்டான், தமிழும் அதைக் காத்து வைத்தது. அந்தச் சேரமான் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். நம் காலத்துப் பெண்கள் அவனைவிட ஒரு படி மேல் என்பேன். அவர்கள் வடக்கிருக்கவில்லை. மறுநாள் மாலை மீண்டும் பயிற்சிக்கு வந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் பெண்கள் நடந்து வந்த வழியும் சிறிது அறியத் தக்கது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்பித்தார். பெண்கள் களைத்துவிடக் கூடாதென்று களத்தை மூன்றாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி செய்தார். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மகளிரும் பெர்க்லி மகளிரும் சான் பிரான்சிஸ்கோவில் ஆடினார்கள். இரு கல்லூரிக்கும் அது வெளியூர்தான். ஆடவர் எவரும் உள்ளே வரக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய அந்த ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு 2-க்கு 1 என்று வென்றது. கால்பந்தின் கணக்கன்று, கூடைப்பந்தின் கணக்கேதான். அந்த நாட்டுக் கல்லூரிப் பெண்கள் ஐவர் ஐவராகக் களம் முழுவதும் ஓடி ஆடுவது நிலையான விதியானது 1971-ல். ஏறக்குறைய எண்பது ஆண்டு, “உன் எல்லையைத் தாண்டாதே” என்ற கட்டளையோடு ஆடியிருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். பென்சில்வேனியாவில் இம்மாகுலேட்டா என்று கன்னியர் நடத்திய சிறு மகளிர் கல்லூரி. அதன் விளையாட்டுக் கூடம் 1967-ல் எரிந்து போயிற்று. 1972-ல் அந்த அணி, வெஸ்ட் செஸ்டர் என்னும் பக்கத்துக் கல்லூரியிடம் 32 புள்ளி வேறுபாட்டில் தோற்றது. படுதோல்விதான். ஆனால் அந்த ஆண்டுப் போட்டி முறை தோற்றவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை; தேசியப் போட்டிக்கும் இடம் தந்தது. இல்லினாய் மாநிலத்துக்குப் போகப் பணம் போதவில்லை. எட்டே பேரை அழைத்துக் கொண்டு, விமானத்தில் இடம் காலியானால் ஏறுவோம் என்று காத்திருந்து போனார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே வெஸ்ட் செஸ்டர். இம்முறை 52-48 என்று இம்மாகுலேட்டா வென்றது. நாட்டின் மகளிர் கல்லூரிச் சாம்பியன் ஆனது. கல்வி நிலையங்களில் பெண்ணென்று பாகுபாடு காட்டலாகாது என்ற ஒன்பதாம் தலைப்புச் சட்டம் அந்த நாட்டில் கையெழுத்தானது அதற்குப் பிறகுதான், 1972 ஜூன் 23-ல்.

இதில் நான் காணும் உண்மை ஒன்றே. தன்னைத் தோற்கடித்தவரை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு இருந்தால்தான் தோல்வி பாடமாகும். அந்த வாய்ப்பு இல்லையேல் அது வெறும் தழும்பு. ஆசிரியர் விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்தித் தருவது எதற்கு? அடுத்த தேர்வு இருக்கிறது என்பதற்காக. அடுத்த தேர்வே இல்லாத மாணவனுக்குச் சிவப்பு மையால் என்ன பயன்?

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் நாட்டில் பல்கலைக் கழகங்களுக்கிடையே விளையாட்டு நடத்தும் பொறுப்பு இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கத்துடையது. 1925-ல் பல்கலைக் கழகங்களிடை வாரியமாகத் தொடங்கி, 1973-ல் இப்பெயர் பெற்றது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து மண்டலப் போட்டி நடக்கும். அதில் முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். மண்டலப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட்டில் தொடங்கும்; கடைசியில் எஞ்சும் சில அணிகளுக்குத்தான் லீக். இவ்வளவு பெரிய நாட்டில், இத்தனை பல்கலைக் கழகங்களை வைத்துக் கொண்டு, சில நாட்களில் முடிக்க வேண்டுமானால் வேறு வழியில்லை என்பார்கள். ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அதன் விளைவைச் சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 அணிகள் வந்தால், 16 அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பும். நாக்-அவுட்டின் இலக்கணமே அது. வந்தவர்களில் பாதிப் பேர் நாற்பது நிமிடம் ஆடிவிட்டு மூட்டை கட்ட வேண்டும். வல்ல அணி ஐந்தாறு ஆட்டம் ஆடி மேலும் வல்லதாகும். மெலிந்த அணி ஓர் ஆட்டம் ஆடி, மெலிவு மாறாமல் மறு ஆண்டு வரும். இருப்பவனுக்கே மேலும் கொடுப்பது என்பது இதுதான்.

சென்ற ஆண்டு நம் பல்கலைக் கழக மகளிர் கூடைப்பந்து அணி மண்டலப் போட்டிக்குப் போனது. அந்த அணியில் ஒரு சேலத்துப் பெண் ஆடுகிறாள். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குக் கோலம் போட வரும் தங்கைதான். “அண்ணா, எங்களுக்காகக் கைதட்ட ஒருவரும் வருவதில்லை” என்று ஒருநாள் சொன்னாள். நானும் சங்க நண்பர் இருவரும் சொந்தச் செலவில் புறப்பட்டோம்.

இருபத்திரண்டு மணி நேர ரயில் பயணம். பன்னிரண்டு பெண்களுக்கு உறுதியான படுக்கை ஏழு. விண்ணப்பம் தாமதமாகப் போயிற்றாம். முறை வைத்துத் தூங்கினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வகுப்பறையைக் காலி செய்து மெத்தை போட்டிருந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உடன் வந்த பயிற்சி ஆசிரியை ஒரு மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் தலை வைத்து இரவைக் கழித்தார். மறுநாள் காலை ஆட்டம். எதிரே நின்ற அணி அந்த மண்டலத்தின் முன்னணி அணிகளில் ஒன்று. முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. அரங்கில் இருந்தவர்கள் முதலில் ஆரவாரித்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அலுத்துப் போய் எழுந்து போனார்கள். கைதட்டியவர்கள் நாங்கள் மூவர். புள்ளிப் பலகையில் நம் அணியின் பெயர்கூட இல்லை. “கெஸ்ட்” என்று எழுதியிருந்தது. விருந்தினர் என்று பொருள். விருந்தோம்பலை வேறெங்கேனும் தேடிக் கொள்ள வேண்டியதுதான்.

நாற்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளில் தோற்றோம். அது எனக்கு வருத்தம் தரவில்லை. அதற்குப் பின் நடந்ததுதான் வருத்தம். தோற்ற அணிகள் அன்று மாலைக்குள் தங்குமிடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. திரும்பும் பயணச் சீட்டோ இரண்டு நாள் கழித்து. பன்னிரண்டு பெண்களும் ஆசிரியையும் ரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறையில் முதல் இரவைக் கழித்தார்கள். நாங்கள் மூவரும் வெளியே நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். சேலத்துத் தங்கை தேநீர் கொண்டு வந்து கொடுத்தாள். “அடுத்த முறை இவர்களோடு ஆடினால் இருபது புள்ளியில்தான் தோற்போம், அண்ணா. அவர்கள் இடப்பக்கம் திரும்பித்தான் பந்தை விடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று கட்டம் ஆயிற்று” என்றாள். அடுத்த முறை எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இது கடைசி ஆண்டு. அடுத்த முறை என்பது இல்லை.

நண்பர்களே, என் வழக்கு இதுதான். நாற்பது நிமிட ஆட்டத்துக்கு நாற்பத்து நான்கு மணி நேரப் பயணம். கற்றதைச் செய்து பார்க்க மறு வாய்ப்பு இல்லை. பாசடினாப் பெண்களோ ஒரு மணி இரண்டு மணிப் பயணத்தில் போய்த் தோற்று, அதே எதிரியைச் சில வாரங்களில் மீண்டும் சந்தித்தார்கள். அந்தப் பெண்களும் நம் பெண்களும் திறமையில் ஏறத்தாழ ஒன்றே என்றுகூட நான் சொல்லத் துணிவேன். ஏற்பாட்டில்தான் வேறுபாடு.

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்வார்கள். அவற்றையும் கேட்போம்.

“தோற்கிற அணிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்பார்கள். நூலகத்தில் யாரும் முதல் வகுப்பில் தேறாத துறைக்கும் புத்தகம் வாங்குகிறோம். ஆய்வுக் கூடத்தில் நூறு சோதனை பொய்த்தாலும் நூற்றொன்றாவது சோதனைக்கு ரசாயனம் கொடுக்கிறோம். பல்கலைக் கழகம் என்பதே தவறிக் கற்பதற்கு மனிதன் கட்டிய வீடு. விளையாட்டுத் திடலுக்கு மட்டும் ஏன் சந்தையின் கணக்கு?

“படிக்க வந்த பெண்களுக்கு ஆட்டம் எதற்கு?” என்பார்கள். கால்டெக்கைவிடக் கடினமான படிப்பு உலகில் அதிகம் இல்லை. அங்கேயே நோபல் அறிஞர் ஆட்டக்காரிகளின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் என்றால், நம் பேராசிரியர்கள் வகுப்பு முடிந்து அரை மணி நேரம் திடல் பக்கம் நடந்து வந்தால் கல்வி கெட்டுவிடாது.

“பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரி மகளிர் இறுதி ஆட்டத்தில் தென் கரோலினா அணி அயோவா அணியை வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஆடவர் இறுதியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம். ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வருமுன் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் சுமார் 3 லட்சம்; பிற்காலத்தில் அத்தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. திடலையும் வண்டியையும் கொடுத்தார்கள். பெண்கள் ஆட வந்தார்கள். பார்க்கவும் ஆள் வந்தது. வரிசை அதுதான். பார்க்க ஆள் வரட்டும், பிறகு வண்டி கொடுப்போம் என்பது நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்கு என்பது போன்றது.

“பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?” என்பது பெற்றோரின் அச்சம். இந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தாழ்ப்பாள் இல்லாத அறையைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் அதற்கு விடை பெண்களை நிறுத்தி வைப்பதில் இல்லை. தாழ்ப்பாள் போடுவதில் இருக்கிறது. இந்திய மகளிர் அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை சென்னைப் பெண். காசியிலிருந்து இந்திய அணிக்குப் போன சிங் சகோதரிகளுள் பிரசாந்தி சிங் 2019-ல் அதே விருதைப் பெற்றார். இவர்கள் வீட்டிலும் ஒருநாள் யாரோ ஒருவர், “சரி, போய் வா” என்று சொல்லியிருக்க வேண்டும்.

குறை சொல்லுவது எளிது. வழி சொல்லுவதுதான் கடமை. என் மனத்தில் பட்டவை மூன்று.

முதலாவது: மண்டலப் போட்டி இருந்தபடி இருக்கட்டும். அதற்கு முன்னால், இந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்லூரிகளில் ஆறு கல்லூரி மகளிர் அணிகளாவது சேர்ந்து ஒரு சிறு லீக் நடத்தட்டும். உன் திடலில் ஒன்று, என் திடலில் ஒன்று. அப்படியானால் ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டம் கிடைக்கும். வாரம் ஓர் ஆட்டம் வீதம் பத்துச் சனிக்கிழமையில் முடிந்துவிடும். நகரப் பேருந்திலேயே போய் வரலாம். ஒரு மண்டலப் பயணத்துக்கு ஆகும் ரயில் கட்டணத்தைவிட இதற்குச் செலவு அதிகமாகாது. கடைசி இடம் பெறும் அணியும் பத்து ஆட்டம் ஆடியிருக்கும். இப்போது அதற்குக் கிடைப்பது ஒன்று.

இரண்டாவது: ஆடவர் அணிக்கு எந்த வகுப்பில் எத்தனை படுக்கையோ, மகளிர் அணிக்கும் அதே வகுப்பில் அத்தனை படுக்கை. தாழ்ப்பாள் உள்ள அறை. தோற்ற அன்றே வெளியேற்றும் விதி இருக்குமானால், திரும்பும் ரயில் வரும்வரை தங்க இடம். இவை சலுகைகள் அல்ல. சலுகை என்று சொன்னால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். இவற்றுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது நம் சங்கத்துக்கு. நாம் ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கு நடுவரை விமானத்தில் வரவழைக்கிறோம். இசை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி வாடகை கொடுக்கிறோம். கொடுக்கட்டும், தமிழ் வாழட்டும். அந்தச் செலவில் ஒரு துளியை எடுத்து, மகளிர் அணியின் ஓர் ஆட்டத்துக்காவது, எதிரியின் திடலில் நடக்கும் ஆட்டத்துக்கு, ஒரு பேருந்து பிடிப்போம். இருபது பேர் போவோம். அணியில் தமிழ்ப் பெண் ஒருத்திதானே என்று எண்ண வேண்டாம். மற்றப் பதினொருவரும் அரியானாவிலிருந்தும் அசாமிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள். நாம் கைதட்டும் ஓசைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

தொடக்கத்தில் உறவு என்ன என்று கேட்டீர்களே, இதோ சொல்கிறேன். வெளியூர் ஆட்டம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் சென்ட்ரலில் வண்டி ஏறி, இரண்டு இரவு கழித்து, மொழி தெரியாத ஊரில் இறங்கியவர்கள் நாம். உணவுக் கூடத்தில் கேட்டது கிடைக்காமல், கிடைத்ததைத் தின்றோம். வகுப்பில் நாம் வாய் திறந்தபோது முதல் வரிசை சிரித்தது. முதல் பருவத்துத் தேர்வில் நம்மில் எத்தனை பேர் தோற்றோம்! அன்று இரவு அறைக் கதவைத் தட்டி, “தம்பி, எழுந்திரு, சாப்பிட்டாயா?” என்று கேட்ட ஓர் அண்ணன் இருந்தான், ஓர் அக்கா இருந்தாள். இந்தச் சங்கம் பிறந்ததே அந்தக் கேள்விக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். நாம் வென்றபின் பாராட்டுக் கூட்டம் நடத்தியதைவிட, தோற்றபோது கதவைத் தட்டியதே இச்சங்கம் நமக்குச் செய்த பெரிய பணி. அந்தப் பணியைக் கூடைப்பந்துத் திடல்வரை நீட்டுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

அந்தப் பாசடினா அணி ஒரு வெற்றிக்குப் பின் சாம்பியன் ஆகிவிடவில்லை. நம் அணியும் ஆகாமற் போகலாம். பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்கலாம். அப்படித் தோற்றாலும், நாற்பது புள்ளியில் தோற்றவர்கள் இருபது புள்ளியில் தோற்பார்கள். இருபதில் தோற்றவர்கள் எட்டில் தோற்பார்கள். அந்த இறக்கத்தைப் பார்த்துக் களிக்கத் தெரிந்தவர்கள்தான் கல்வி என்றால் என்ன என்று அறிந்தவர்கள்.

மகளிர் அணியின் மாலைப் பயிற்சி செவ்வாயும் வியாழனும் ஐந்தரை மணிக்கு. பேருந்துக்குப் பணம் சேர்க்கும் வேலையை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நானே முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.